கடைசிப் பத்து நிமிஷம்

உட்காருங்கள் சார், இடம் இருக்கிறது. படம் தொடங்க இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். சென்னையிலிருந்து சாவி வரவில்லையாம். பூட்டுச் சாவி இல்லை, ஏதோ ஒரு நம்பர். அது கம்ப்யூட்டரில் வந்து விழுந்தால்தான் படம் திறக்குமாம். முதல் நாள் காலைக் காட்சிக்கு வந்தால் இந்தக் கூத்தெல்லாம் உண்டு. வராமலே போனாலும் நஷ்டமில்லை. படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இல்லை, இன்னும் பார்க்கவில்லை. டிரைலர் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பத்து வினாடி. அதற்குமேல் என்ன வேண்டும்?

என் பெயர் ஆவுடையப்பன். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறுவேன். படியில் நின்று உள்ளே ஒரு பார்வை. எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முப்பத்தோரு வருஷம் அப்படிப் பார்த்த கண் சார் இது. சினிமாவுக்கும் அதே கண்தான்.

இந்த மூன்று வாரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். படத்தின் பெயர்களைச் சொல்ல மாட்டேன். நானே அவர்களுக்கு விளம்பரம் செய்ததாக ஆகிவிடும்.

ஒன்று, இதே தியேட்டரில் பார்த்தேன். கதாநாயகன் வருவதற்கே நாற்பது நிமிஷம். அதுவரைக்கும் மற்றவர்கள் எல்லாரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "அவன் யாரு தெரியுமா?" என்கிறான் ஒருத்தன். தெரியாது என்கிறான் இன்னொருத்தன். உடனே ஒரு கதை. அந்தக் கதையில் இருபது பேர் சாகிறார்கள். அப்புறம் ஆள் வருகிறான். ஆள் எங்கே வருகிறான், தாடிதான் வருகிறது. தாடி நடந்து வந்து நாற்காலியில் உட்காருகிறது. பின்னாலிருந்து தகர டின்னை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது பாட்டாம். நடுவில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு சண்டை. அந்தப் பஸ்ஸில் ஒருத்தன் கையிலும் டிக்கெட் இல்லை சார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்த இரண்டு விசில் கொடுக்கிறான். இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பு என்று அர்த்தம். ஒரு விசிலுக்கும் இரண்டு விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் படம் எடுக்க வந்துவிட்டான். மூன்று மணி நேரம் ரத்தத்தைத் தெளித்துவிட்டு, மீதி அடுத்த பாகத்தில் என்று போட்டானாம். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். வெளியே வந்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டில் டிவியில் ஒரு தொடர். எட்டுப் பாகம். மலை ஊரில் ஒரு போலீஸ்காரன். அவனுக்குப் பெண்டாட்டி செத்துவிட்டாள். இப்படித் தொடரில் வருகிற போலீஸ்காரனுக்கெல்லாம் பெண்டாட்டி செத்துப் போயிருக்க வேண்டும், அது சட்டம். எட்டுப் பாகமும் மழை. ஒருத்தனும் வீட்டில் லைட்டைப் போடவில்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு சோறு தின்கிறார்கள். கொலை செய்தவன் யார் என்று முதல் பாகத்திலேயே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாத்தியார்தான். "பேசாம பாருங்களேன்" என்றாள். நான் அதோடு எழுந்து போய்விட்டேன்.

அப்புறம் ஒரு விருதுப் படம். ஒரு கிழவன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறான். எட்டு நிமிஷம். நான் வாட்ச்சில் பார்த்தேன். அப்புறம் ஒரு குடும்பப் படம். அதில் அண்ணன் அழுகிறான், தம்பி அழுகிறான், அண்ணி அழுகிறாள், சமையல்காரனும் அழுகிறான். அவன் எதற்கு அழுகிறான் என்று யாருக்கும் தெரியாது.

அருவருப்பாக இருக்கிறது சார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. அதைவிடப் பெரிய அருவருப்பு எது தெரியுமா? இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. பதினோரு வருஷமாக நான் தனியாகப் படம் பார்த்ததில்லை. இந்த மூன்று வாரமாகத்தான் பார்க்கிறேன்.

ஞானதுரை என்று என் சிநேகிதர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். எங்களுக்கு அடுத்த தெரு. கண்ணில் பிரஷர் வந்து, கவனிக்காமல் விட்டு, ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும். ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒரு நாள் நான் பார்க்கப் போனபோது, "ஓய், என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போரும்" என்றார்.

"நீரு அங்க வந்து என்ன வே பண்ணப் போறீரு?"

"நீரு பார்த்துச் சொல்லும். நான் கேக்கேன்."

அன்றைக்குத் தொடங்கியது. கடைசி வரிசையில் ஓரத்து இரண்டு சீட். அவருக்கு இடது காது கொஞ்சம் கூர்மை, அதனால் நான் இடது பக்கம். படியேறும்போது என் தோளில் கை வைத்துக்கொள்வார். பதினோரு வருஷத்தில் முந்நூறு படமாவது இருக்கும். ஒரு படத்திலும் நான் வாயை மூடியது கிடையாது. அப்படி ஒரு உழைப்பு.

எப்படிச் சொல்வேன் என்று கேட்கிறீர்களா? உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஞானதுரை என் காதுப் பக்கம் சாய்ந்து, "இப்ப யாரு வாரா?" என்பார்.

"ஒரு பொண்ணு."

"எப்படி இருக்கா?"

"எப்படி இருப்பா, எல்லாம் பூச்சுதான்."

"என்ன பண்ணுதா?"

"அழுதா. சகிக்கலை."

"ஏன் அழுதா?"

"டைரக்டர் அழச் சொல்லிருக்கான், அழுதா."

இதைவிட விளக்கமாக ஒரு மனுஷன் எப்படிச் சார் சொல்ல முடியும்? காதல் காட்சி வந்தால் மட்டும் கொஞ்சம் சுருக்குவேன். நல்ல குடும்பத்து மனுஷர், சர்ச் கமிட்டியில் இருக்கிறவர், அவர் காதில் நான் அதையெல்லாம் ஓத முடியுமா? "ஒண்ணுமில்லை, பூவைக் காட்டுதான்" என்பேன். ஒரு படத்தில் அது கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. "ரொம்ப நேரமா பூவாவே இருக்கே வே, தோட்டத்தையே வாங்கிட்டானா?" என்றார். நக்கல் பிடித்த ஆள்.

முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சட்டை செய்வதில்லை. ஒரு பெண்பிள்ளை ஒருமுறை எழுந்தே நின்றுவிட்டாள். "சார், எங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள். ஞானதுரை அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இடைவேளை வரைக்கும் அடங்கவில்லை. அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் இருக்கும்.

படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது எழுந்துவிடுவோம். நீங்கள் வண்டியில்தானே வந்தீர்கள்? இந்த ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்களே. படம் விட்ட பிறகு போனால் பைக்கை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம். பார்வையில்லாத மனுஷரைக் கூட்டிக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க முடியுமா? அவருக்காகத்தான் சார் அதுவும். பைக் மேம்பாலம் ஏறும்போது முடிவைச் சொல்லிவிடுவேன்.

பார்க்காமல் எப்படி என்றால்? இடைவேளையிலேயே தெரிந்துவிடுகிறதே. செக்கிங் கண் என்று சொன்னேன் அல்லவா. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டால் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். நல்லவன் இருமினால் செத்துவிடுவான். வேலைக்குப் பட்டணம் போன பெண் ஊருக்குத் திரும்பி வந்துவிடுவாள். இதற்கெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? "கடைசில என்ன வே ஆச்சு?" என்று பின்னாலிருந்து கேட்பார். நான் சொல்வேன். "அப்படியா" என்பார். வீடு வந்துவிடும். பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு அவர் மகள் ஷீபா பெங்களூரிலிருந்து வந்தாள். அவள்தான் எல்லாவற்றையும் கெடுத்தாள். நல்ல பிள்ளைதான், அப்பா மேல் பாசம். புது டிவி வாங்கிக் கொடுத்தாள். அதில் சில படங்களுக்குத் தனியாக ஒரு குரல் வரும். வசனம் இல்லாத இடத்தில், திரையில் என்ன நடக்கிறது என்று அந்தக் குரல் சொல்லும். பார்வையில்லாதவர்களுக்கென்றே செய்திருக்கிறார்களாம்.

ஞானதுரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். அவர் மனைவி எஸ்தர் காபி கொண்டுவந்து, "பாருங்கண்ணே, அதிசயத்தை" என்றாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல். "கதவு திறக்கிறது. கமலா உள்ளே வருகிறாள். நனைந்திருக்கிறாள். மேஜையில் இரண்டு தம்ளர்கள். ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைக்கிறாள்."

அவ்வளவுதான் சார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கமலாவுக்கு நடிக்கத் தெரிகிறதா, தெரியவில்லையா? சொல்லவில்லை. நனைந்துகொண்டு வருகிறாளே, வாசலில் குடை இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போனால் என்ன? கேட்கவில்லை. ஒரு கருத்தே கிடையாது அந்தப் பெண்ணுக்கு. ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரம் நம்பர் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறாள்.

ஞானதுரை நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "ஒரு தம்ளரை எடுத்து உள்ள வெச்சுட்டா வே" என்றார். நாற்காலியின் கையைத் தட்டுகிறார். ஒரு தம்ளருக்கு!

"தம்ளர்தானவே, அலம்பப் போட்டிருப்பா" என்றேன். அதோடு அந்தக் குடை விஷயத்தையும் எடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். இப்படி.

"ஓய், அந்தப் பொண்ணு பேசட்டும்."

முப்பது வருஷப் பழக்கத்தில் என்னைப் பேசாதே என்று சொன்னவர் கிடையாது. நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தொடங்கியது போன். நாங்கள் தியேட்டரில் பார்த்த பழைய படங்களையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன், போன் வரும்.

"ஓய், அந்த நர்ஸ் பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போகலையாமே. அந்த ஆஸ்பத்திரிலயே இருந்துட்டாளாமே."

"அப்படியா எடுத்திருக்கான்? மடையன்."

மறுநாள். "அண்ணனும் தம்பியும் சேரவே இல்லைவே. தம்பி கார் கண்ணாடியை ஏத்திட்டுப் போயிட்டான்."

"சேர்ந்திருக்கணும். அதுதான் நியாயம்."

"நீரு சேர்ந்துட்டாங்கன்னுல்லா சொன்னீரு."

"நான் சொன்ன முடிவு நல்லா இருக்கா, அவன் எடுத்த முடிவு நல்லா இருக்கா? நீரே சொல்லும்."

நீங்கள் சொல்லுங்கள் சார். டைரக்டர் தப்பாக முடித்து வைத்தால் அதற்கு நானா பொறுப்பு? அந்த நர்ஸ் பெண் ஊருக்குத் திரும்பியிருந்தால் அவள் அம்மாவுக்கு ஒரு துணை. நான் கொடுத்த முடிவில் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இப்படி ஒன்பது படம். ஒன்பதுக்கும் போன். சிரித்துக்கொண்டேதான் பேசுவார். நானும் சிரிப்பேன்.

பத்தாவது படத்துக்குச் சிரிக்கவில்லை.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த படம். ஒரு பேண்ட் வாத்தியக்காரன். கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் கிளாரினெட் வாசிக்கிறவன். மகளோடு சண்டை, அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் ஆற்றில் வெள்ளம். அன்றைக்கு அவள் வீட்டில் ஒரு விசேஷம். இவன் கரையில் நிற்கிறான். தண்ணீரில் இறங்குகிறான். நான் எழுந்துவிட்டேன். "இறங்கிட்டான் வே. முடிஞ்சுது அவன் கதை. வாரும், வண்டியை எடுப்போம்." மேம்பாலத்தில் போகும்போது ஞானதுரை, "செத்தே போயிட்டானா?" என்று கேட்டார். "பின்ன? அந்த வெள்ளத்துல பிழைப்பானா?" என்றேன். வீட்டு வாசலில் இறங்கியும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றார். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

போன் வந்தபோது மதியம். "அவன் சாகலை வே" என்றார்.

"யாரு?"

"கிளாரினெட்காரன். அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துட்டான். கரையேறி நின்னு சட்டையைப் பிழியுதான். மகள் வாசல்ல நின்னு பாக்கா."

"தண்ணில இறங்கினானே வே, நான் பார்த்தேனே."

"கிளாரினெட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்குதான்னு அந்தப் பொண்ணு சொல்லுதா. சாகப் போறவன் நனையாம தூக்கிப் பிடிப்பானா வே? நீரு அதைப் பார்க்கலையா?"

நான் என்ன சொல்ல? அவன் கையில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. நான் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"போன வருஷம் ஹார்ட் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன்லா" என்றார் ஞானதுரை. "ராத்திரியெல்லாம் அவனைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். மகளைப் பார்க்காமலே போயிட்டானேன்னு. ஷீபாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாம நானும் போயிருவேனோன்னு பயந்து கிடந்தேன் வே. அவன் அக்கரைல சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டு நின்னிருக்கான்."

போனை வைத்துவிட்டார்.

ஒரு சினிமாவுக்கு இவ்வளவா? நீங்களே சொல்லுங்கள். அது ஒரு நடிகன். கட் என்றதும் கரையேறி டீ குடிக்கப் போயிருப்பான். அதைச் சொல்லலாம் என்று நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. கெஞ்சினேன் என்று நினைக்காதீர்கள். ஏழெட்டுத் தடவை செய்தேன், அவ்வளவுதான். எஸ்தர்தான் ஒருமுறை எடுத்தாள். "கோவம்லாம் இல்லண்ணே, படம் பாக்காங்க" என்றாள்.

கடைசியில் அவரே பேசினார். நான் ஒரு படத்துக்குக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார், ஆனால் நிபந்தனை. "நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு சொல்லப்பிடாது. நடக்கதை மட்டும் சொல்லும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும். முடியுத வரைக்கும் உக்காந்திருக்கணும்." செக்கிங் இன்ஸ்பெக்டருக்கே செக்கிங். சரி என்றேன். வேறென்ன செய்வது? அவர் இல்லாமல் படம் பார்க்கிறது படம் பார்க்கிற மாதிரியே இல்லை.

படம் தொடங்கியது. "ஒரு வீடு" என்றேன்.

"எப்படிப்பட்ட வீடு?"

"வீடு. சுவர் இருக்கு."

"சரி."

"ஒருத்தன் வாரான்."

"எப்படி இருக்கான்?"

சார், அந்த நேரத்தில்தான் ஒன்று கவனித்தேன். அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்ல வரவில்லை. நல்லா இல்லை என்று சொல்ல வருகிறது. எப்படி இருக்கிறான் என்று வரவில்லை. அந்தப் படத்தில் பார்க்கும்படி ஒன்றும் எடுக்கவில்லை, அதனால்தான். "சட்டை போட்டிருக்கான்" என்றேன். அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். நிற்கான், உட்காருதான், சோறு திங்கான். அப்புறம் கதாநாயகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதான். அவன் அழுகிற லட்சணத்தைப் பார்த்தால் யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. "இவன் அழுதா எனக்குச் சிரிப்பு வருது வே" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் வில்லனைப் பற்றி ஒரு தடவை. பாட்டைப் பற்றி இரண்டு தடவை இருக்கும்.

கடைசிப் பத்து நிமிஷம் வந்தது. கால் தானாக ஆடுகிறது சார். கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நான் எடுக்கவில்லை, சும்மா தொட்டுப் பார்த்தேன்.

"சாவியை உள்ள போடும்" என்றார். பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் சாவிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

போட்டேன். உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். எல்லாரும் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார்கள். எத்தனை பேர் என்று என் கண் அவர்களையே எண்ணிக்கொண்டிருந்தது. திடீரென்று லைட் போட்டுவிட்டான்.

"என்ன வே ஆச்சு?" என்றார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நிபந்தனையில் அது இருந்தது. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு கண்ணும் இருக்கிறவன், தெரியவில்லை என்று எப்படிச் சார் சொல்வது? "சேர்ந்துட்டாங்க" என்றேன்.

படி இறங்கும்போது எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் போனார்கள். "அவ அவனை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனது சரிதான்டி" என்றாள் ஒருத்தி. "அந்தக் குழந்தைதான் பாவம்" என்றாள் இன்னொருத்தி.

ஞானதுரை பைக்கில் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது முதுகிலேயே தெரிந்தது. வீட்டு வாசலில், "வாரேன் வே" என்றார். மூன்று வாரம் ஆகிறது.

இந்தப் படத்துக்கு நான் எதற்கு வந்தேன் என்று இப்போது புரிகிறதா? டிரைலரைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஆனாலும் முதல் நாளே வந்து, முழுசாக, லைட் போடுகிற வரைக்கும் இருந்து, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் அவரைக் கூப்பிடலாம் என்று வந்தேன். அந்த டிவிப் பெண் சொல்கிறாளே, அது ஒரு வித்தையா? எவனாலும் முடியும். ஒரு நாள் பழகினால் போதும்.

ஒரு உதவி செய்வீர்களா? கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சரியாக வருகிறதா என்று பாருங்கள். வெட்கப்படாதீர்கள் சார், நம்மை யார் பார்க்கிறார்கள். மூடிக்கொண்டீர்களா?

சரி. இது தியேட்டர் முன் ஹால். எதிரே பாப்கார்ன் விற்கிற இடம். ஒருத்தன் நிற்கிறான். தலையில் தொப்பி. அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு எப்படித்தான்... இல்லை, அதை விடுங்கள். தொப்பி. மஞ்சள் தொப்பி. சுவரில் ஒரு போஸ்டர். கதாநாயகன் கோடாரியோடு நிற்கிறான். மூஞ்சியைப் பார்த்தால் விறகு வெட்டக்கூட... இல்லை. கோடாரி. நிற்கிறான். பெஞ்சில் ஒரு அம்மாள், மடியில் பை. பச்சைச் சேலை. பாருங்கள், வருகிறது! சேலை நிறமெல்லாம் வருகிறது.

வாசலில் கண்ணாடிக் கதவு. வெளியே ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. ஒருவர் இறங்குகிறார். நீலச் சட்டை. கறுப்புக் கண்ணாடி. கையில் வெள்ளைக் குச்சி.

ஒன்றுமில்லை சார். சொல்கிறேன். நீங்கள் மூடிக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்காரர் கையைப் பிடிக்க வருகிறார். அவர் வேண்டாம் என்கிறார். முதல் படியைக் குச்சியால் தட்டுகிறார். ஏறுகிறார். இரண்டாவது படி. மூன்றாவது. நின்று மூச்சு வாங்குகிறார். சட்டையில் மேல் பொத்தான் போடவில்லை. ஒரு காதில் வெள்ளை ஒயர் தொங்குகிறது. இடது காது. டிக்கெட் கிழிக்கிறவர் கதவைத் திறந்து பிடிக்கிறார்.

மெதுவாகப் பேசுகிறேன். காதைக் கிட்டே கொடுங்கள்.

குச்சியோடு வந்தவர் பேசுகிறார். உங்களுக்கும் கேட்கிறதா? "இந்தப் படத்துக்கு அந்தக் குரல் போன்லயே வருதாம் அண்ணாச்சி. எனக்கு ஆள் வேண்டாம், சீட்டுல மட்டும் கொண்டு விட்டுருங்க." சிரிக்கிறார். "ஒயரமா ஒருத்தர், ஆவுடையப்பன்னு பேரு, சத்தமா படத்தைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. வந்திருக்காரா?"

டிக்கெட் கிழிக்கிறவர் இந்தப் பக்கம் பார்க்கிறார்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். இல்லை என்று.

"இல்லை சார், வரலை" என்கிறார் அவர்.

"முதல் நாள் காலைக் காட்சியாச்சே. வந்திருப்பாருன்னு நினைச்சேன். வந்தா அவருக்கு எட்டத்துல என்னை உக்கார வைங்க. படம் ஓடுத வரைக்கும்தான். முடிஞ்சப்புறம் அவரு என்ன சொல்லுதாருன்னு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

சிரிப்பு இப்போது இல்லை. குச்சியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிறார். கதவுப் பக்கம் திரும்பி நிற்கிறார். யாராவது வருகிறார்களா என்று காது கொடுக்கிற மாதிரி நிற்கிறார். யாரும் வரவில்லை. மேல் பொத்தானைத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார். டிக்கெட் கிழிக்கிறவர் கையைக் கொடுக்கிறார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தோளைத் தேடி அதில் கை வைக்கிறார். இரண்டு பேரும் நம் பக்கம் வருகிறார்கள். பத்து அடி. எட்டு அடி.

கண்ணைத் திறக்காதீர்கள் சார். இன்னும் கொஞ்ச நேரம்.